இலவசமாக வந்த பொருளுக்கு நேர்மையாக விமர்சனம் எழுதுவது எப்படி

நீங்கள் எழுதும் விமர்சனங்களை நாலு பேர் நம்பிப் படிக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்ததுமே முதல் மின்னஞ்சல் வந்துவிடும். "உங்கள் எழுத்து எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் புதிய தயாரிப்பை உங்களுக்கு அனுப்பி வைக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டிருப்பார்கள். "உங்கள் உண்மையான கருத்தை எழுதினால் போதும்" என்ற வரியும் தவறாமல் இருக்கும். பணம் கேட்கவில்லை, பொய் சொல்லச் சொல்லவில்லை, முகவரி மட்டும்தான் கேட்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா, கூடாதா?

வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் என் பதில். ஹெட்போன், இயர்பட்ஸ், சிறிய ஸ்பீக்கர் இவற்றைப் பற்றிப் பல வருடங்களாக எழுதுகிறேன். ஒரு பகுதி நானே காசு கொடுத்து வாங்கியவை. மற்றவை நிறுவனங்கள் அனுப்பியவை. சந்தைக்கு வருகிற எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்கிச் சோதிக்கத் தனி ஆளால் முடியாது. முடிகிற அமைப்புகள் உண்டு. அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், தான் மதிப்பிடும் பொருள்களைச் சாதாரண வாடிக்கையாளர் போலவே காசு கொடுத்து வாங்குகிறது. சந்தாவும் நன்கொடையும் அதைத் தாங்குகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது என்பதையும், அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைப் படிப்பவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எப்படிச் சோதிப்பது, எதை எழுதுவது, எதற்கு மறுப்பது என்ற முடிவுகளையெல்லாம் பார்சல் கைக்கு வருமுன்பே எடுத்துவிடுங்கள். வந்த பிறகு எடுக்கிற முடிவு உங்களுடையது மட்டுமாக இருக்காது.

ஏன் முன்பே?

1971-ல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். சோதனைக்கு வந்தவரோடு இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். அவர் ரீகனின் ஆள். இடைவேளையில் வெளியே போய்விட்டு வரும்போது, கேட்காமலேயே இவருக்கும் சேர்த்து ஒரு கோலா பாட்டில் வாங்கி வருவார். சற்று நேரம் கழித்து, "என்னிடம் சில குலுக்கல் சீட்டு இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். கோலா கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அந்த ஆளைப் பிடித்துப்போனதால் இது நடக்கவில்லை, பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற உணர்வால் நடந்தது என்பதுதான் ரீகன் எடுத்த முடிவு.

2016-ல் அமெரிக்க மருத்துவர்களைப் பற்றி ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மருந்து நிறுவனம் செலவழித்த ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை ஏற்றவர்களிடம்கூட, அந்த நிறுவனத்தின் மருந்தை எழுதிக் கொடுக்கும் விகிதம் அதிகமாக இருந்தது. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன, அவ்வளவுதான். ஆனாலும் வருடக்கணக்கில் படித்து, நோயாளியின் நலனுக்கென உறுதிமொழி எடுத்தவர்கள் விஷயத்திலேயே இப்படி என்றால், ஒரு இயர்பட்ஸ் பெட்டி நம்மைத் தொடாது என்று நாம் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இந்தப் பாதிப்பு பொய்யாக வராது. அதனால்தான் பிடிபடுவதில்லை. வார்த்தைத் தேர்வில் வரும். சொந்தக் காசில் வாங்கிய இயர்பட்ஸில் ஒரு குறை இருந்தால் என்ன எழுதுவோம்? "இடது காதில் சத்தம் விட்டு விட்டு வருகிறது. இரண்டு போனில் மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்." அதே குறை இலவசமாக வந்ததில் இருந்தால்? "எப்போதாவது இணைப்பில் சிறு தடங்கல் தெரிகிறது. அடுத்த அப்டேட்டில் சரிசெய்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்." இரண்டாவதிலும் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படிப்பவர் வாங்கிவிடுவார். விருந்தாளியாகப் போன வீட்டில் நாற்காலி ஆடுகிறது என்று சொல்லத் தயங்குவோமே, அதே தயக்கம்தான் இங்கே எழுத்தில் வருகிறது.

பதில் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்

முகவரி கொடுக்கும் முன் நிபந்தனைகளை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். நான் அனுப்பும் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"பொருளை அனுப்ப முன்வந்ததற்கு நன்றி. பெற்றுக்கொள்வதற்கு முன் சிலவற்றைத் தெரிவிக்க வேண்டும். பொருள் உங்களிடமிருந்து இலவசமாக வந்தது என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்வேன். வெளியாகும் முன் கட்டுரையை யாருக்கும் காட்டுவதில்லை. தொழில்நுட்பத் தகவல்களில் சந்தேகம் வந்தால் அதை மட்டும் உங்களிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். எத்தனை நட்சத்திரம், எந்தத் தேதி, எந்தச் சொல் என்பது எதற்கும் உறுதி தர இயலாது. பொருளில் குறை இருந்தால் எழுதுவேன். வெளியான கட்டுரையைக் கேட்டுக்கொண்டதற்காக நீக்கமாட்டேன்; தகவல் பிழை இருந்தால் திருத்துவேன். இது உங்களுக்குச் சம்மதம் என்றால் அனுப்பலாம்."

கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும். பரவாயில்லை. பொருளின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள் "சரி, சம்மதம்" என்று ஒரு வரியில் பதில் போடுகிறார்கள். மற்றவர்கள் பதிலே போடுவதில்லை, அதுவும் ஒரு தகவல்தான். அந்தச் சம்மத வரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறொருவர் அந்த வேலைக்கு வந்து, "இந்தப் பத்தியை எடுத்துவிட முடியுமா?" என்று கேட்கும்போது அதைத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் என்று ஏதாவது அனுப்பினால் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மூன்று இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும். "வெளியிடும் முன் ஒப்புதல்" என்று வருகிறதா? "நிறுவனத்துக்குப் பாதகமாக எழுதக் கூடாது" என்று வருகிறதா? உங்கள் வாக்கியங்களை அவர்கள் தங்கள் விளம்பரத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று வருகிறதா? முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் அது விளம்பர ஒப்பந்தம். விளம்பரம் எழுதுவது தவறான தொழில் அல்ல, அதற்குக் கூலி கேட்டு வாங்கிக்கொண்டு, மேலே விளம்பரம் என்று போட்டு எழுதலாம். அதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். மூன்றாவதைப் பேசித் திருத்தலாம். "சத்தம் அருமை, ஆனால் காதில் நிற்கவில்லை" என்று எழுதினால் "சத்தம் அருமை" மட்டும் பெட்டியில் அச்சாகிவிடும். முழு வாக்கியமாகத்தான் எடுத்தாள வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

வெளியிடும் தேதியைப் பற்றி ஒரு சிறு விலக்கு. புதிய பொருள் சந்தைக்கு வரும் நாள்வரை எதுவும் எழுதவேண்டாம் என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேட்பார்கள். அதற்கு நான் சம்மதிப்பதுண்டு, ஏனென்றால் அது கருத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அந்த நாளிலேயே எழுதியாக வேண்டும் என்றால் சம்மதிப்பதில்லை. பேட்டரி எப்படித் தேய்கிறது என்பது ஒரு வாரத்தில் தெரியாது. அவசரமாக எழுதியே ஆக வேண்டும் என்றால் தலைப்பில் "முதல் அனுபவம்" என்று போடுங்கள்.

யோசிக்காமல் மறுக்க வேண்டியது

ஒருவகை அழைப்பு இருக்கிறது. பெரும்பாலும் மின்னஞ்சலில் வராது, மெசேஜ் குழுக்களில் வரும். "பொருளை நீங்களே ஆர்டர் செய்யுங்கள். வந்ததும் ஐந்து நட்சத்திரம் போட்டு, நாலு வரி எழுதி, ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். கொடுத்த பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்."

நேரடியாக அனுப்பாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? நீங்கள் காசு கொடுத்து வாங்கினால்தான் விமர்சனத்தின் பக்கத்தில் "வாங்கியவர்" என்று சரிபார்த்த முத்திரை விழும். அந்த முத்திரையைப் பார்க்கிறவர், இந்த ஆளும் நம்மைப்போலக் காசு கொடுத்தவர்தான் என்று நினைப்பார். அந்த நினைப்பைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். பொருள் உண்மையிலேயே நன்றாக இருந்தாலும் இது மோசடிதான். ஐந்து நட்சத்திரத்தைப் பொருள் வருமுன்பே பேசி முடித்தாகிவிட்டது. பணம் திரும்பி வரும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது, ஏமாந்தால் போய்ப் புகார் சொல்லவும் வழியில்லை.

அமேசான் 2016 அக்டோபரில் இலவசப் பொருளுக்கு ஈடாக எழுதும் விமர்சனங்களைத் தடை செய்தது. தேர்ந்தெடுத்த விமர்சகர்களுக்கு விற்பவர்களின் பொருளை இலவசமாகக் கொடுக்க 2007-ல் அது தொடங்கிய வைன் திட்டத்துக்கு விலக்கு உண்டு. வெளியாகுமுன் புத்தகப் பிரதிகளை அனுப்பும் பழைய பதிப்பக வழக்கத்துக்கும் விலக்கு கொடுத்தார்கள். வைனில் யாருக்கு இடம் என்பதை விற்பவர் முடிவு செய்ய முடியாது, அமேசான்தான் அழைக்கும். விமர்சனத்தின் மேல் அது வைன் விமர்சனம் என்ற அடையாளமும் இருக்கும். இந்த அமைப்பும் அப்பழுக்கற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொடுப்பவரும் எழுதுபவரும் நேருக்கு நேர் பேசாதபடி நடுவில் ஒருவரை நிறுத்தியது சரியான யோசனை.

சட்டமும் இப்போது பின்னாலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் எஃப்.டி.சி. எனப்படும் வணிக ஆணையம் கொண்டுவந்த விதி 2024 அக்டோபர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. பாராட்டி எழுத வேண்டும், அல்லது போட்டியாளரைத் திட்டி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பணமோ பொருளோ கொடுப்பதை அது நிறுவனங்களுக்குத் தடை செய்கிறது. நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தினாலும் குற்றம்தான். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் போலி விமர்சனங்களுக்கு எதிரான சட்டம் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதத்திலேயே அதைச் செய்துவிட்டது.

"பிடித்திருந்தால் மட்டும் எழுதுங்கள்"

இது மேலே சொன்னதைவிட ஆபத்தானது, ஏனென்றால் நல்லவர்களும் இதற்குச் சம்மதித்துவிடுகிறார்கள். "பிடிக்கவில்லை என்றால் எழுதவேண்டாம், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்" என்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு பண்பாக இருக்கிறது! பல விமர்சகர்கள் தாங்களாகவே இதை ஒரு கொள்கையாக வைத்திருக்கிறார்கள்: "நல்லதை மட்டும் அறிமுகம் செய்கிறேன், மோசமானதைப் பற்றி எழுதி யார் மனதையும் புண்படுத்துவதில்லை."

பத்து நிறுவனங்கள் பத்து ஹெட்போன் அனுப்புகின்றன என்று வையுங்கள். ஆறு மோசம். நீங்கள் நாலைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள், நாலும் பாராட்டு. ஒவ்வொரு கட்டுரையும் உண்மை. ஆனால் உங்களைத் தொடர்ந்து படிக்கிறவருக்குக் கிடைப்பது என்ன? அந்த ஆறில் ஒன்றை வாங்க நினைத்து உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரும்பிப் போகிறார். நீங்கள் அதை அணிந்து பார்த்தீர்கள், குறை தெரிந்தது, சொல்லவில்லை. அவர் காசு போகிறது.

2022 ஜனவரியில் ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் எஃப்.டி.சி.யோடு 42 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நான்கு நட்சத்திரத்துக்குக் கீழ் இருந்த விமர்சனங்களைத் தன் தளத்தில் வெளிவராமல் தடுத்தது என்பது அதன்மேல் இருந்த குற்றச்சாட்டு. நிறுவனம் செய்தால் அது வழக்காகிறது. விமர்சகர் தானே அந்த வேலையைச் செய்துகொடுத்தால் அதற்குக் கண்ணியம் என்று பெயர் வைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

மோசமான ஒவ்வொன்றுக்கும் நீண்ட கட்டுரை எழுத நேரமில்லை என்பது நியாயம்தான். அதற்கு ஒரு வழி: வந்த பொருள்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்து எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். பெயர், வந்த மாதம், யார் அனுப்பியது, ஒரு வரித் தீர்ப்பு. "அணைப்பு இறுக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் தலையில் வைக்க முடியவில்லை, பரிந்துரைக்கமாட்டேன்." அது போதும். வந்தது என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

எங்கே, எப்படிச் சொல்வது

இலவசமாக வந்தது என்பதைக் கட்டுரையின் தலையில் சொல்லுங்கள். கடைசி வரியில், ஹேஷ்டேக் குவியலின் நடுவில், "மேலும் படிக்க" என்பதற்குப் பின்னால் ஒளித்துவைப்பது சொல்லாததற்குச் சமம். "இந்த நிறுவனத்துக்கு நன்றி" என்பதும் அறிவிப்பு அல்ல. எதற்கு நன்றி என்று படிப்பவருக்குத் தெரியாது. "கூட்டுமுயற்சி", "பிராண்டு தூதர்" போன்ற சொற்களும் விஷயத்தை மூடத்தான் உதவும். தமிழில் எழுதினால் தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக் குறி ஒன்றைப் போட்டுவிட்டு கடமை முடிந்தது என்று போகாதீர்கள்.

நான் பயன்படுத்துவது இது: "இந்த ஹெட்போனை அதன் தயாரிப்பாளர் எனக்கு இலவசமாக அனுப்பினார். திருப்பித் தரத் தேவையில்லை. பணம் எதுவும் பெறவில்லை. இந்தக் கட்டுரையை அவர்கள் முன்கூட்டிப் பார்க்கவில்லை." நாலு வாக்கியம், நாலும் வெவ்வேறு தகவல். கட்டுரையில் உள்ள இணைப்பு வழியாக யாராவது வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வருமென்றால் அது ஐந்தாவது வாக்கியம்.

இந்தியாவில் எழுதுபவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி 2021-லும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லும் விதிமுறைகள் கொண்டுவந்தன. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, இலவசப் பொருளையும் பரிசையும் பயண வசதியையும் பணத்தைப் போலவே கணக்கில் எடுக்கிறது. வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். நேரலை என்றால் அறிவிப்பு தொடர்ந்து திரையில் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்குத் துணைபோனவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

ஆனால் அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2005-ல் கெய்ன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஜாடியில் நாணயங்கள். அதை நெருங்கிப் பார்க்க முடிந்தவர் ஆலோசகர். தூரத்தில் இருப்பவர் அவர் சொல்வதைக் கேட்டு மதிப்பை ஊகிக்க வேண்டும். ஊகம் அதிகமாக இருந்தால் ஆலோசகருக்குக் கூடுதல் பணம். இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகச் சொன்னபோது ஆலோசகர்கள் இன்னும் அதிகமாகக் கூட்டிச் சொன்னார்கள். கேட்டவர்களோ அதற்கு ஏற்ற அளவு கழித்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டோமே என்ற நிம்மதி, பாரத்தைப் படிப்பவர் தலையில் வைத்துவிடுகிறது. அறிவிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் நேர்மை பெரும்பாலும் சோதிக்கும் இடத்தில்தான் முடிவாகிறது.

சோதிக்கும்போது

இலவசமாக வந்த பொருளில் ஒரு விமர்சகருக்குத் தெரியாமல் போகிறவை பல. முதலாவது, விலை. காசு கொடுக்காத பொருளின் விலை எனக்கு வெறும் எண். அதனால் என் மேசையில் எப்போதும் சொந்தக் காசில் வாங்கிய ஒரு ஹெட்போன் இருக்கும். புதிதாக வருவதை அதோடு மாற்றி மாற்றிக் கேட்பேன். பிறகு ஒரே கேள்வி: இதைத் தொலைத்துவிட்டால், என் காசைப் போட்டு இதையே மறுபடி வாங்குவேனா? பதிலைக் கட்டுரையில் நேரடியாக எழுதிவிடுவேன். "நன்றாக இருக்கிறது, ஆனால் நான் வாங்கமாட்டேன்" என்று எழுதவேண்டி வந்த கட்டுரைகள்தான் படிப்பவர்களுக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

இரண்டாவது, உங்களுக்கு வந்தது கடையில் விற்பதைப் போன்றதுதானா என்பது. விமர்சகருக்கு அனுப்பும்முன் பிரித்து, போட்டுப் பார்த்து, நன்றாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியும். பெட்டியின் முத்திரை உடைந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். அதே மாடலைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடையதை ஒரு மணி நேரமாவது கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதுதான் கட்டுரையின் முக்கியச் செய்தி.

மூன்றாவது, வாங்கிய பிறகு நடப்பவை. பழுதானால் யாரிடம் போவது, எத்தனை நாள் அலையவிடுவார்கள், உத்தரவாதத்தில் என்னென்ன சேராது. எனக்குப் பழுதானால் மக்கள் தொடர்பு அதிகாரி அன்றே புதிது அனுப்பிவிடுவார். வாங்கியவருக்கு அப்படி நடக்காது. ஆகவே உத்தரவாதச் சீட்டை முழுக்கப் படியுங்கள். விமர்சகர் என்று சொல்லாமல் பொது உதவி எண்ணுக்கே அழைத்து, "சார்ஜிங் பெட்டி மட்டும் தொலைந்துவிட்டது, தனியாகக் கிடைக்குமா?" போன்ற ஒரு சாதாரணக் கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை எழுதுங்கள்.

இன்னொரு பழக்கம் எனக்கு மிகவும் உதவுகிறது. பொருளோடு வரும் விளம்பரக் குறிப்பைப் படிக்காமல் எடுத்து வைத்துவிடுவேன். முதலில் குறைகளை மட்டும் நோட்டில் எழுதுவேன்: காதின் எந்த இடத்தில் உறுத்துகிறது, குளிரில் தொடுவிசை வேலை செய்கிறதா, போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவர் என்ன சொன்னார், காற்றடித்தால் மைக்கில் என்ன கேட்கிறது. குறைகளின் பட்டியல் முடிந்த பிறகுதான் நல்லதை எழுதுவேன். கட்டுரையை எழுதி முடித்ததும் நோட்டை எடுத்து ஒவ்வொரு குறையும் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நோட்டில் "உறுத்துகிறது" என்று இருப்பது கட்டுரையில் "பழக வேண்டும்" என்று மாறியிருந்தால், நோட்டில் இருப்பதையே திரும்பப் போடுவேன்.

சிறிய தயாரிப்பாளர்கள்

பெரிய நிறுவனத்தைக் குறை சொல்வது எளிது. ஒருவரோ இருவரோ சேர்ந்து தொடங்கிய சின்னத் தொழிலிலிருந்து வருகிற பொருள்தான் கை நடுங்க வைக்கும். ஒரு மோசமான விமர்சனம் அவர்களுடைய அந்த மாத வியாபாரத்தையே கெடுத்துவிடலாம். எனக்கு ஒருமுறை அப்படி ஒரு ஹெட்போன் வந்தது. சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் தலைப்பட்டை சில வாரங்களில் விரிசல் விட்டது. தயாரித்தவரிடம் கேட்டேன். பிளாஸ்டிக்கை மாற்றியதில் வந்த பிரச்சினை, அடுத்த தொகுதியில் சரிசெய்கிறோம் என்றார். விரிசலின் படத்தையும் போட்டேன், அவர் சொன்ன விளக்கத்தையும் போட்டேன், புதிய தொகுதி வரும்வரை வாங்கவேண்டாம் என்றும் எழுதினேன். தொனியில் கருணை காட்டலாம், அவர் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்கலாம். குறையைச் சிறிதாக்கக் கூடாது. அவர்மேல் உள்ள பரிவுக்கான விலையை, விரிசல் விட்ட ஹெட்போனோடு நிற்கப்போகிற வாடிக்கையாளர் கொடுக்கக் கூடாது அல்லவா?

நண்பர், உறவினர், முன்பு வேலை செய்த இடம் என்றால் எழுதவே எழுதாதீர்கள். அறிவித்துவிட்டு எழுதலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

எழுதி முடித்த பிறகு அந்தப் பொருள்

விலை உயர்ந்ததைத் திருப்பி அனுப்புங்கள். தொடக்கத்திலேயே "கடனாக அனுப்புங்கள், இத்தனை வாரத்தில் திருப்பித் தருகிறேன்" என்று கேட்டால் பலர் ஒப்புக்கொள்வார்கள். திருப்பித் தரப்போகிற பொருளைப் பற்றி எழுதுவது எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பது எழுதிப் பார்த்தால் தெரியும். விற்கக் கூடாது, விற்றால் அது கூலிதான். பரிசுப்போட்டி வைத்துக் கொடுத்தால் நிறுவனத்துக்கு இன்னொரு விளம்பரம் ஆகிவிடும். தேவைப்படுகிறவருக்குச் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம். வரிக் கணக்கையும் மறக்கவேண்டாம். இந்தியாவில் 2022 ஜூலை முதல், இப்படி வைத்துக்கொள்ளும் பொருள் ஒரு பலனாகக் கருதப்பட்டு, ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் வராது.

கட்டுரை வெளியானதோடு வேலை முடிவதில்லை. ஹெட்போனின் காது மெத்தை உரிவதும் பேட்டரி பாதியாக இறங்குவதும் மாதங்கள் கழித்துத்தான். அதனால் பழைய கட்டுரைகளைக் கொஞ்ச காலம் கழித்துத் திரும்பப் பார்க்க நாள் குறித்து வையுங்கள். பொருளின் மாடல் எண்ணையும், எவ்வளவு காலம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறீர்கள் என்பதையும் கட்டுரையிலேயே போடுங்கள். அதே பெயரில் உள்ளே வேறு பொருளை வைத்து விற்பதும், ஒன்றுக்கு வந்த நட்சத்திரங்களை இன்னொன்றோடு சேர்த்துக் காட்டுவதும் நடக்கின்றன. பவுன்டிஃபுல் என்ற வைட்டமின் நிறுவனம், வெவ்வேறு பொருள்களை அமேசானில் ஒரே பொருளின் வகைகள் போலக் காட்டி விமர்சனங்களைக் கலந்ததற்காக 2023-ல் எஃப்.டி.சி.க்கு 6 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. நீங்கள் பாராட்டி எழுதிய வாக்கியம், நீங்கள் தொட்டே பார்க்காத பொருளின் கீழ் நிற்கலாம். அப்படிக் கண்டால் நிறுவனத்துக்கும் தளத்துக்கும் எழுதி நீக்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்திலும் அறிவியுங்கள். தீர்ப்பு மாறினால் பழைய கட்டுரையைச் சத்தமில்லாமல் திருத்தவேண்டாம். தேதி போட்டு, முதல் பத்திக்கும் மேலே எழுதுங்கள். இணைப்பைப் பிடித்து நேராக வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே போவதில்லை.